கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள்

என் பாட்டி கிரேன் ஓட்டினாள். இதைச் சொன்னதும் எல்லோரும், "கட்டடம் கட்டுற இடத்துல உயரமா நிக்குமே, அதுவா?" என்று கேட்பார்கள். அது இல்லை. இது கூரைக்கு அடியிலேயே ஓடும் கிரேன்.

பெரிய பெரிய இயந்திரங்கள் செய்யும் ஒரு கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான கூடம், உயரமான கூரை. இரண்டு பக்கச் சுவர்களின் உச்சியிலும் தண்டவாளம் போட்டிருக்கும். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பாலம். அதன் இரண்டு முனைகளிலும் சக்கரங்கள். அதனால் அந்தப் பாலமே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடும். பாலத்தின் மேல் ஒரு சின்ன வண்டி. அது குறுக்குவாட்டில் ஓடும். வண்டியிலிருந்து கம்பிக்கயிறு இறங்கும். கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி. ஆக, முன்னும் பின்னும், பக்கவாட்டில், மேலும் கீழும் என்று கூடத்தில் எங்கே கிடக்கும் பொருளையும் தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். பாலத்தின் ஒரு ஓரத்தில், அடியில், ஒரு கண்ணாடி அறை தொங்கும். அதற்குள் மூன்று நெம்புகோல்கள், ஒரு நாற்காலி, என் பாட்டி.

தூக்குவது பெரிய வித்தை இல்லை. அதை மோட்டார் பார்த்துக்கொள்ளும். ஆடாமல் நிறுத்துவதில்தான் வித்தை இருக்கிறது. வீட்டுச் சாவிக்கொத்தை ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். சட்டென்று கையை நிறுத்துங்கள். கை நின்றுவிடும், சாவி நிற்காது. அது பாட்டுக்கு முன்னால் போய், திரும்பி வந்து, ஊசலாடிக்கொண்டே இருக்கும். கையைப் பின்னால் இழுத்து அதை அடக்கப் பார்த்தால் இன்னும் மோசமாக ஆடும். செய்ய வேண்டியது நேர்மாறானது. சாவி முன்னால் போகும்போது கையும் அதன் பின்னாலேயே போக வேண்டும். சாவி ஆட்டத்தின் கோடிக்குப் போய் ஒரு கணம் தயங்கும். சரியாக அந்தக் கணத்தில் கை அதன் தலைக்கு நேர் மேலே வந்து நின்றால், சாவியும் அப்படியே நின்றுவிடும். ஒரு முறை சரியாக வந்துவிட்டால் நாள் முழுக்கச் செய்துகொண்டே இருக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியிருக்கிறது.

பாட்டி இதை நூலில் கட்டிய சாவியில் செய்யவில்லை. ஒரு லாரியைவிடக் கனமான இரும்பில் செய்தாள். அவள் இறக்கிவைத்தால் பொருள் தரையில் பட்ட சத்தமே கேட்காது என்பதால் கூடத்தில் அவளுக்குப் பஞ்சு என்று பெயர். தாத்தாவும் அப்படித்தான் கூப்பிடுவார். தாத்தா அதே கூடத்தில் கீழே நிற்கும் சைகைக்காரர். மேலே இருப்பவருக்குக் கீழே பேசுவது கேட்காது, அவ்வளவு இரைச்சல். அதனால் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் கீழே நின்று கையாலேயே சொல்ல வேண்டும். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. ஒரு கையை இன்னொரு கைக்கு மேல் அசையாமல் வைத்தால் மெதுவாக. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, முன்னும் பின்னும் வீசினால் உடனே நிறுத்து.

"கல்யாணத்துக்கு முன்னாடி இவர் எங்கிட்ட பேசினதெல்லாம் 'தூக்கு', 'இறக்கு', 'மெதுவா', அவ்வளவுதான்," என்பாள் பாட்டி.

"கல்யாணத்துக்கு அப்புறம் அதுவும் இல்ல. அவதான் பேசுறா," என்பார் தாத்தா.

எங்கள் வீட்டில் இந்தச் சைகைகள் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டன. குழம்பு ஊற்றும்போது தாத்தா ஒரு கைமேல் இன்னொரு கையை வைப்பார். அடுப்பைக் கொஞ்சம் கூட்டச் சொல்ல அம்மா அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரலைச் சுழற்றுவாள். ஆனால் வீட்டின் சட்டம் என்று சொன்னால் அது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு கைகளையும் விரித்துவிட்டால் எல்லாம் நிற்க வேண்டும். யார் விரித்தாலும்.

கூடத்தில் இருந்த விதியே அதுதான். தூக்கச் சொல்ல, நகரச் சொல்ல, இறக்கச் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் அதிகாரம்: சிவப்புத் தொப்பிக்கு. நிறுத்தச் சொல்ல எல்லோருக்கும் அதிகாரம் உண்டு. கூட்டிப் பெருக்குபவர் சொன்னாலும் நிற்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று புரியும். பத்துப் பேர் ஆளுக்கொரு பக்கம் நகரச் சொன்னால் ஆபத்து. அதனால் அதற்கு ஒரு வாய்தான். ஆனால் ஆபத்து யார் கண்ணில் முதலில் படும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அதற்கு எல்லாக் கண்களும். நின்ற பிறகு, சைகைக்காரர் பொருளைச் சுற்றிய கட்டு, கொக்கி, போகும் வழி எல்லாவற்றையும் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்து முடித்தால்தான் மீண்டும் நகரலாம்.

என் மாமா சின்ன வயதில் இந்தச் சட்டத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாராம். பாட்டி அவரைத் திட்டத் தொடங்கியதும் இரண்டு கைகளையும் விரித்துவிடுவார். பாட்டியும் வாக்கியத்தின் நடுவில் வாயை மூடிக்கொள்வாள். பையனை மேலும் கீழும் ஒரு சுற்றுப் பார்ப்பாள். "எல்லாம் சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டு, திட்டை முதலிலிருந்து தொடங்குவாள்.

பாட்டியிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அழுக்குக் கண்ணாடியை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சுக்கு நடுவே பழைய செய்தித்தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டு, ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருப்பாள். கிரேனில் ஏறியதும் அவள் செய்யும் முதல் வேலையும் அதுதான். நாலு பக்கக் கண்ணாடியையும், காலடியில் இருந்த கண்ணாடியையும் துடைத்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவாள். மற்ற ஆபரேட்டர்கள் முன்கண்ணாடியை மட்டும் துடைப்பார்கள், கொக்கி அங்கேதானே தெரிகிறது என்று.

நான் சொல்ல வந்தது ஒரு நாளின் கதை. அப்போது அவள் யாருக்கும் பாட்டி இல்லை. நான் பிறக்கவும் இல்லை. ஆனாலும் அவளை வேறு எப்படிச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தாத்தா, பாட்டி, அம்மா மூவரும் அன்று அங்கே இருந்தார்கள். மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். சின்னச் சின்ன விஷயங்களில் சண்டை போட்டுக்கொள்வார்களே தவிர, நடந்தது ஒன்றுதான்.

கூடத்தின் தலைமை ஆபரேட்டர் ஓய்வு பெறப் போகிறார். அவர் இடம் காலியாகிறது. எந்தத் தூக்கலை யார் செய்வது, எப்போது செய்வது, 'இன்றைக்கு வேண்டாம்' என்று எப்போது சொல்வது, எல்லாம் அவர் முடிவு. பாட்டிக்கு அந்த இடம் வேண்டும். ஆசையை அவள் மறைக்கவில்லை. "எனக்கு வேணும். நான் நல்லா செய்வேன்," என்று மேனேஜரிடமே போய்ச் சொல்லியிருந்தாள்.

போட்டிக்கு, அதே கூடத்தில் வேறொரு கிரேனை ஓட்டும் இன்னொருவர் இருந்தார். கூடத்தில் அவருக்கு மின்னல் என்று பெயர். வேகமான கை. பாட்டி ஒன்று வைப்பதற்குள் அவர் ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததைக் கொக்கியில் மாட்டியிருப்பார். தப்பும் செய்யமாட்டார். மேனேஜருக்கு இருவரையும் பிடிக்கும். யாரைப் போடுவது என்று தெரியவில்லை.

அந்த வாரம் கூடம் அதுவரை செய்ததிலேயே பெரிய ஜெனரேட்டர் ஒன்று முடிந்து வெளியே போகவிருந்தது. இரண்டு பெரிய பாகங்கள்: வெளிக்கூடு ஒன்று, அதற்குள் சுழலும் ரோட்டார் ஒன்று. ரோட்டார் என்பது பெரிய மரத்தை அறுத்துப் படுக்கவைத்தது போன்ற இரும்பு உருளை. உடம்பெல்லாம் செம்புக் கம்பி. எங்காவது இடித்தால் பல மாத உழைப்பு வீண். மேனேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். காலையில் வெளிக்கூட்டை மின்னல் டிரெய்லரில் ஏற்றட்டும். மதியம் ரோட்டாரைப் பஞ்சு ஏற்றட்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

வேடிக்கை பார்க்கக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். ஜெனரேட்டரை வாங்குகிற நிறுவனத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். அவர் கூடவே ஒரு போட்டோக்காரரும். தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குப் பின்னால் எல்லோரையும் நிறுத்தினார்கள். அப்போது சிறுமியாக இருந்த அம்மா முதல் வரிசையில் நின்றாள்.

காலையில் மின்னல் வெளிக்கூட்டை ஏற்றியதை அம்மா இன்றைக்கும் கண்ணை விரித்துத்தான் சொல்வாள். "சட்டுனு தூக்கி, சர்ருனு போய், நச்சுனு வெச்சிட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டிட்டேன். அப்புறம்தான் உங்க பாட்டி ஞாபகமே வந்துச்சு. கைய கீழ போட்டுட்டேன்."

மதியம் பாட்டி ரோட்டாரைத் தூக்கினாள். தாத்தா விரலைச் சுழற்ற, அது தரையை விட்டுக் கிளம்பியதே தெரியவில்லையாம். கூடத்தின் நடுவில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அது மெல்ல நகர்ந்து வந்தது. டிரெய்லருக்குப் பாதி வழி வந்திருக்கும்.

அப்போதுதான் போட்டோக்காரர் ஒரு மேசைமேல் ஏறினார். கேமரா கழுத்தில் தொங்கியது. கூட்டம் படத்துக்குள் வருகிறது. கொஞ்சம் பின்னால் போகச் சொல்ல வேண்டும். இரைச்சலில் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அதனால் எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். இரண்டு கைகளையும் விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, 'பின்னால போங்க, பின்னால போங்க' என்று வீசினார்.

கிரேன் நின்றது.

இந்த இடத்தில் சாவிக்கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையை நிறுத்துவது சுலபம். அறையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் கிரேன் அந்த நொடியே நின்றுவிடும். ஆனால் ரோட்டார் நிற்காது. செம்புக் கம்பியைச் சுமந்துகொண்டு கூட்டத்தின் பக்கம் வீசி ஆடும். பாட்டி பொத்தானை அழுத்தவில்லை. நெம்புகோலைத் தளர்த்தினாள். ரோட்டார் முன்னால் சாய, அதன் பின்னாலேயே ஒரு முழம் போனாள். அது தயங்கிய கணத்தில் நேர் மேலே போய் நின்றாள். "நிறுத்துன்னா மேல இருக்கிறத நிறுத்துறதில்ல, கீழ தொங்குறத நிறுத்தணும்," என்பாள். கடிகாரம் நின்றது மாதிரி அது காற்றில் நின்றது.

பிறகு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்வதை அன்றும் செய்தாள். நெம்புகோல்களிலிருந்து கையை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளையும் முன்கண்ணாடியில் பதித்துக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை. பொருளுக்கு அடியில் போய்ச் சரிபார்ப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால், மேலே எந்தக் கையும் எதையும் தொடவில்லை என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவளே வைத்துக்கொண்ட வழக்கம்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏன் நிக்குது?"

"நிறுத்தச் சொல்லி சைகை வந்திருக்கு சார்," என்றார் தாத்தா.

"நீங்களா குடுத்தீங்க?"

"நான் குடுக்கல." தாத்தா சுற்றிப் பார்த்தார். மேசைமேல் போட்டோக்காரர் இன்னும் கைகளை விரித்தபடியே நின்றார். "அவரு."

போட்டோக்காரர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நானா? நான் கூட்டத்த பின்னால போகச் சொன்னேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மேனேஜரும் பாதி சிரித்துவிட்டு, "சரி சரி, தெரிஞ்சுபோச்சுல்ல. போகச் சொல்லுங்க," என்றார்.

"ஒரு சுத்து பாத்துட்டு சொல்றேன் சார்."

"எதைப் பாக்கப் போறீங்க? அவருதான் சொல்லிட்டாரே. அதிகாரிக்கு வேற நேரமாச்சு."

தாத்தா ரோட்டாரின் அந்தப் பக்கம் போய்விட்டார். மேனேஜர் பொறுமையிழந்து, தானே நிமிர்ந்து, 'வா, வா' என்று பாட்டிக்குக் கையைக் காட்டினார். பாட்டி அவரைப் பார்த்தாள். மேனேஜர், அவளுக்கு அந்த இடத்தைக் கொடுப்பவர். அவர் தலையில் வெள்ளைத் தொப்பி. உள்ளங்கைகள் கண்ணாடியை விட்டு அசையவில்லை.

"நான் மேனேஜர் மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன்," என்பாள் அம்மா. "எங்கம்மாவுக்கு வேல போச்சு, எங்கப்பாவும் சேந்து வேலைய கெடுக்கிறாருன்னு நெனச்சேன்."

தாத்தா நிதானமாகக் கட்டுகளைத் தடவிப் பார்த்தார். கொக்கியின் தாழ்ப்பாளைப் பார்த்தார். டிரெய்லர் வரைக்கும் நடந்து வழியைப் பார்த்தார். நிமிர்ந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதற்குள் பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, மேனேஜரிடம் கை குலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். ரோட்டார் வைக்கப்படுவதை அவர் பார்க்கவே இல்லை.

நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் இந்த இடத்தில் முன்னால் சாய்வார்கள். 'கட்டு அறுந்திருந்ததா? வழியில் யாராவது மாட்டியிருந்தார்களா?' ஒன்றுமே இல்லை. கட்டு நன்றாக இருந்தது, கொக்கி நன்றாக இருந்தது, வழி சுத்தமாக இருந்தது. பாட்டி நின்றது ஒரு போட்டோக்காரர் கைவீசியதற்கு. அவ்வளவுதான். தாத்தா திரும்பி வந்து தன் இடத்தில் நின்று கையைத் தூக்கிய பிறகு, உள்ளங்கைகள் கண்ணாடியை விட்டு விலகின. ரோட்டார் மிச்ச வழியைக் கடந்து டிரெய்லரில் உட்கார்ந்தது. சத்தமே இல்லை. கைதட்டலும் பெரிதாக இல்லை. பாதிப் பேர் போயிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பாட்டி வீட்டு ஜன்னல்களையெல்லாம் துடைத்தாளாம். துடைத்ததையே மறுபடி துடைத்தாளாம்.

"போச்சு," என்றாள்.

"போட்டோக்காரனுக்குப் போயி நின்னியே பஞ்சு," என்றார் தாத்தா.

"நீங்க மட்டும் பாக்காம கைய தூக்கியிருந்தீங்கன்னா, இன்னிக்கு உங்களுக்கு வீட்டுக் கதவ தொறந்தே இருக்கமாட்டேன்."

"தெரியும். அதான் நல்லா பாத்தேன். வெளிய படுத்தா கொசு அதிகம்."

மறுநாள் வேலை தொடங்குமுன் மேனேஜர் எல்லோரையும் கூடத்தின் நடுவில் கூப்பிட்டார். மின்னலை முன்னால் வரச் சொன்னார். பாட்டிக்குப் புரிந்துவிட்டது. அவர் பெயரைத்தான் அறிவிக்கப் போகிறார்.

ஆனால் மேனேஜர் முந்தைய இரவு முழுக்க அந்த நிறுத்தத்தையே யோசித்திருக்க வேண்டும். மின்னலிடம் ஒரு கேள்வி கேட்டார். "நேத்து மதியம் நீங்க மேல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

மின்னல், 'நானும் நிறுத்தியிருப்பேன்' என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். வேகமான கைக்காரர், பதிலுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார்.

"நிறுத்தியிருக்கமாட்டேன் சார்."

"போட்டோக்காரர்னு தெரிஞ்சதாலயா?"

"இல்ல சார். அவர பாத்திருக்கவே மாட்டேன். எனக்கு அந்த நேரத்துல ரோட்டாரும் சிவப்புத் தொப்பியும்தான் தெரியும். பஞ்சக்கா பக்கவாட்டுக் கண்ணாடி வழியா மேசைமேல நின்ன ஆள வரைக்கும் பாத்திருக்காங்க." தொடர்ந்து சொன்னார்: "என் கிரேன் அறையில அந்தப் பக்கவாட்டுக் கண்ணாடி அழுக்கேறி கறுப்பா இருக்கு சார். நேத்து சாயங்காலம்தான் போயி பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. பொருளுக்குக் கட்டுப்போடும் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். கொக்கி என்று கூப்பிடுவார்கள். அவர் பின்னாலிருந்து, "கீழ நிக்கிறது நாங்க. எங்களுக்கு மேல யாரு இருக்கணும்னு எங்களயும் ஒரு வார்த்த கேக்கலாம்," என்றார்.

"கேக்கிறேன். சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

"அதான் அவரே சொல்லிட்டாரே," என்றார் கொக்கி, மின்னலைக் காட்டி.

பாட்டி தலைமை ஆபரேட்டரானாள். ஓய்வு பெறும்வரை அவள்தான். முதல் நாள் அவள் போட்ட ஒரே உத்தரவு, வேலை தொடங்குமுன் எல்லா ஆபரேட்டரும் எல்லாக் கண்ணாடியையும் துடைக்க வேண்டும் என்பது. பெரிய தூக்கல்களைத் தானும் மின்னலும் மாறிமாறிச் செய்யும்படி வைத்துக்கொண்டாள். அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், உள்ளே நுழையுமுன் ஜன்னலைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இங்க தூசி," என்பார். பாட்டி செய்தித்தாளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவாள்.

சில வாரம் கழித்துப் போட்டோக்காரர் வீட்டுக்கே வந்தார், கண்ணாடி போட்ட ஒரு படத்தோடு. நகரும் பொருளை வெளிச்சம் குறைவான இடத்தில் எடுத்தால் படம் கலங்கித்தான் வரும். காலையில் மின்னல் ஏற்றிய வெளிக்கூடு அவர் எடுத்த படங்களில் வெறும் புகைபோல விழுந்திருந்ததாம். தாத்தா சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த இந்த ஒரு படத்தில் மட்டும் ரோட்டாரின் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அசையாமல் காற்றில் நிற்கிறது. படத்தின் மேல் மூலையில், சின்னதாக, ஒரு முகம். இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளை உள்ளங்கைகள்.

அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. பாட்டி இருந்தவரை புதிதாக வரும் விருந்தாளி யாராவது அதன் முன் நின்று, "இவங்க யாருக்கு டாட்டா காட்டுறாங்க?" என்று கேட்டுவிடுவார்கள்.

"எனக்குத்தான்," என்பார் தாத்தா.

பாட்டி உள்ளேயிருந்து வந்து, படத்தின் கண்ணாடியை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுச் சொல்வாள்: "டாட்டா இல்ல. இவரு சரிபாத்து முடிக்கிற வரைக்கும் நான் எதையும் தொடலன்னு காட்டுறேன்."